இத்தாலியக் கலை, பண்பாடு, பயணம்: இணையத்தில் எங்கே தேடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலிக்குக் கிளம்பத் தயாராகிறவர்கள், பயணம் இப்போதைக்கு முடியாது, ஓவியங்களையாவது நன்றாகப் பார்க்க வேண்டும் என்கிறவர்கள், கலை வரலாறு படிக்கிற மாணவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் பலவாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். ஒரு பொருளை யார் பாதுகாக்கிறார்களோ அவர்களுடைய தளத்துக்கு முதலில் போங்கள். படத்துக்கும் அதுதான், டிக்கெட்டுக்கும் அதுதான்.

தேடினால் ஆயிரம் தளங்கள் வருகின்றன. எங்கிருந்து தொடங்குவது?

இத்தாலி முழுவதையும் ஒரே மூச்சில் பார்க்க நினைக்காதீர்கள். ஒரு படைப்பையோ ஒரு ஊரையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதுவாவில் உள்ள ஸ்க்ரொவேன்யி சிற்றாலயத்தையே எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 1305 இல் ஜோட்டோ அதன் சுவர்கள் முழுவதும் ஓவியம் தீட்டி முடித்தார். கட்டக் கொடுத்தவர் என்ரிக்கோ ஸ்க்ரொவேன்யி. வட்டிக்குப் பணம் கொடுத்துச் செல்வம் சேர்த்த குடும்பத்தைச் சேர்ந்தவர். இந்த ஒரு இடத்தைப் பற்றித் தேட ஆரம்பித்தாலே, ஃபிரெஸ்கோ என்ற ஈரச்சுவர் ஓவிய முறை, அக்காலத்து வணிகர்களின் பாவ பயம், பாதுவா நகரம், 2021 இல் யுனெஸ்கோ பட்டியலில் அந்நகரத்தின் 14ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் இடம்பெற்றது என்று வழி தானாக விரியும்.

இன்னொன்று. இத்தாலியில் பல படைப்புகள் எந்தச் சுவருக்காகச் செய்யப்பட்டனவோ அந்தச் சுவரிலேயே இன்னும் இருக்கின்றன. அதனால் படத்தைப் பார்க்கும்போது பக்கத்தில் ஒரு வரைபடத்தையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தெரு, எந்தக் கோயில், எந்தப் பக்கத்துச் சுவர், வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று தெரிந்தால் அதே படம் வேறு மாதிரி தெரியும்.

ஓவியங்களை நல்ல தரத்தில் எங்கே பார்க்கலாம்?

வசதிக்கு கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர். 2011 இல் தொடங்கியபோது சேர்ந்த முதல் 17 அருங்காட்சியகங்களில் ஃபிளாரன்ஸின் உஃபீட்ஸியும் ஒன்று. போத்திசெல்லியின் வீனஸ் பிறப்பு ஓவியத்தை அங்கே பெரிதாக்கிக்கொண்டே போகலாம். கூந்தலில் பொன்னிறக் கோடுகள் எப்படி இழுக்கப்பட்டிருக்கின்றன என்பது வரை தெரியும். நேரில் போனால்கூட கூட்டத்துக்கு நடுவே அவ்வளவு நெருக்கமாகப் பார்க்க முடியாது.

பரப்புக்கு வெப் கேலரி ஆஃப் ஆர்ட். ஹங்கேரியிலிருந்து 1996 முதல் இயங்கும் தளம். தோற்றம் பழையது, ஆனால் உள்ளடக்கம் தங்கம். ஓவியர் வாழ்க்கைக் குறிப்பு, கலைச்சொல் விளக்கம், படைப்பு இப்போது எந்த ஊரில் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்ற தகவல் எல்லாம் ஒழுங்காகக் கிடைக்கும். ஒரு ஆலயத்தின் சுவரோவிய வரிசையை அது அமைந்துள்ள முறைப்படியே காட்டும் பக்கங்கள் பல இருக்கின்றன. விளம்பரக் கூச்சல் இல்லாமல் படிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஆழத்துக்கு இத்தாலிய அரசின் பண்பாட்டுச் சொத்துப் பொதுப் பட்டியலும், போலோன்யா பல்கலைக்கழகத்தில் உள்ள ஜேரி அறக்கட்டளையின் புகைப்படத் தொகுப்பும். கலை வரலாற்றாளர் ஃபெதெரிகோ ஜேரி வாழ்நாள் முழுவதும் சேர்த்த படங்கள் அவை, லட்சக்கணக்கில். சிறு ஊர்க் கோயிலில் இருக்கும் அதிகம் அறியப்படாத ஓவியத்தைக்கூட இவற்றில் பிடித்துவிடலாம். தேடும்போது ஆங்கில வழக்குப் பெயரை விட்டுவிட்டு இத்தாலியப் பெயரைக் கொடுங்கள்: டிஷன் என்று தேடாமல் திட்சியானோ, ரஃபேல் என்று தேடாமல் ரஃபாயெல்லோ. முடிவுகள் பல மடங்கு கூடும்.

கலை வரலாறு ஒன்றும் தெரியாது. யாராவது விளக்கிச் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஸ்மார்ட்ஹிஸ்டரி. பெத் ஹாரிஸ், ஸ்டீவன் ஜக்கர் என்ற இரு கலை வரலாற்றாளர்கள் 2005 இல் தொடங்கியது, முழுக்க இலவசம். ஓவியத்துக்கு முன்னால் நின்று இருவர் பேசிக்கொள்வது போன்ற குறுங்காணொளிகள்தான் இதன் பலம். ஒருவர் ஒன்றைக் கவனிக்கிறார், மற்றவர் அதற்கு மேல் ஒன்றைச் சேர்க்கிறார். ஆங்கிலம் எளிமையாக இருக்கும். பள்ளி மாணவர்களோடு சேர்ந்து பார்ப்பதற்கும் ஏற்றது. இத்தாலிய மறுமலர்ச்சிக்கு மட்டும் தனியாக நீண்ட வரிசை இருக்கிறது. சியேனா, ஃபிளாரன்ஸ், வெனிஸ் என்று ஊர்வாரியாகப் போங்கள்.

உஃபீட்ஸியின் தளத்தில் டிக்கெட்டைத் தவிர என்ன இருக்கிறது?

நிறைய. பலர் டிக்கெட் வாங்கியதும் அந்தப் பக்கத்தை மூடிவிடுகிறார்கள், அதுதான் வருத்தம்.

முதலில் இந்தக் கட்டடத்தின் கதை. 1560 இல் கட்டடக் கலைஞர் வசாரி, ஃபிளாரன்ஸை ஆண்ட மெடிசி குடும்பத்து முதலாம் கோசிமோவின் அரசு அலுவலகங்களுக்காகக் கட்டத் தொடங்கினார். மெடிசி வம்சத்தின் கடைசி வாரிசான அன்னா மரியா லூயிசா 1737 இல் ஓர் ஒப்பந்தம் செய்தார்: குடும்பத்தின் கலைச் செல்வம் எதுவும் ஃபிளாரன்ஸை விட்டு வெளியே போகக் கூடாது. அந்த ஒரு கையெழுத்தால்தான் இன்று அத்தனையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. 1769 இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

தளத்தில் இணையக் கண்காட்சிகள் என்று ஒரு பகுதி உண்டு. ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு, பெரிய படங்களோடு, அருங்காட்சியக ஆய்வாளர்களே எழுதியவை. அப்புறம் யூப்ளூஸ் என்ற திட்டம். உஃபீட்ஸியின் கோட்டோவிய, அச்சுப்படப் பிரிவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்கள் இருக்கின்றன. வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் அவற்றில் பெரும்பாலானவை காட்சிக்கு வருவதே இல்லை. யூப்ளூஸ் அவற்றைப் படிப்படியாக இணையத்தில் ஏற்றி வருகிறது. நேரில் போகிறவருக்குக் கிடைக்காதது வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைக்கும் அரிய இடம் இது. பழைய ரோமானிய, கிரேக்கச் சிற்பங்களை அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து முப்பரிமாணத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். சிற்பத்தைத் திருப்பித் திருப்பிப் பின்பக்கம்கூடப் பார்க்கலாம்.

சிஸ்டைன் சிற்றாலயத்தை வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா?

முடியும். வாடிகன் அருங்காட்சியகத்தின் தளத்திலேயே சுற்றிப் பார்க்கும் காட்சிகள் இருக்கின்றன. சிஸ்டைனோடு ரஃபேலின் அறைகளும் உண்டு.

பார்க்கும்போது எல்லோரும் நேராக விதானத்துக்குப் போய்விடுவார்கள். மைக்கலாஞ்சலோ அதை 1508 முதல் 1512 வரை வரைந்தார். பீடத்துக்குப் பின்னுள்ள இறுதித் தீர்ப்பு 1536 முதல் 1541 வரை. ஆனால் இரண்டுக்கும் முன்பே, 1481–82 இல், போத்திசெல்லி, பெருஜினோ, கிர்லாந்தாயோ முதலியோர் பக்கச் சுவர்களை வரைந்து முடித்திருந்தார்கள். திரையில் பார்க்கும்போது அவசரம் இல்லை, காவலர் வெளியே போகச் சொல்லப் போவதில்லை. அந்தப் பக்கச் சுவர்களையும் ஒரு சுற்று பாருங்கள்.

வாடிகன் தனி நாடு என்பதால் அதன் தளங்களின் முகவரி இத்தாலியத் தளங்களைப் போல் முடியாது, வாடிகனுக்கே உரிய 'புள்ளி விஏ' என்று முடியும். டிக்கெட் வாங்கும்போது இந்த அடையாளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாடிகன் நூலகமும் தன் கையெழுத்துப் பிரதிகளை இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. பொன்பூச்சுச் சித்திரங்கள் உள்ள ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டலாம்.

டா வின்சியின் இறுதி இராவுணவு ஓவியத்துக்கு டிக்கெட்டே கிடைப்பதில்லை. என்ன செய்வது?

கிடைக்காததற்குக் காரணம் இருக்கிறது. லியனார்டோ டா வின்சி இதை மிலன் நகரில் சான்தா மரியா தெல்லே கிராட்சியே மடத்தின் உணவுக்கூடச் சுவரில், ஏறக்குறைய 1495 முதல் 1498 வரை வரைந்தார். ஈரப் பூச்சின் மேல் வேகமாக வரையும் முறை அவருக்குப் பிடிக்கவில்லை. யோசித்து, திருத்தி, மெதுவாக வரைகிறவர். அதனால் காய்ந்த பூச்சின் மேல் வரைந்தார். வண்ணம் சுவரோடு சேராமல், அவர் காலத்திலேயே உதிர ஆரம்பித்துவிட்டது. 20 ஆண்டுகளுக்கும் மேல் நடந்த சீரமைப்பு 1999 இல் முடிந்தது. இப்போது ஈரப்பதமும் தூசியும் உள்ளே வராமல் இருக்க, சிறு சிறு குழுக்களாக 15 நிமிடம் மட்டுமே அனுமதிக்கிறார்கள். அதனால் இடங்கள் மிகக் குறைவு.

அதிகாரப்பூர்வத் தளத்தில் மூன்று மாதங்களுக்கான டிக்கெட்டுகளை மொத்தமாக வெளியிடுவார்கள். எந்தத் தேதியில் வெளியிடுவார்கள் என்பதை முன்கூட்டியே அறிவிப்பார்கள். அந்த நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, இத்தாலிய நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றி, அந்த நிமிடத்தில் உட்கார வேண்டியதுதான். மிலன் போகும் நாளை முடிவு செய்துவிட்டு டிக்கெட் தேடாதீர்கள். டிக்கெட் கிடைத்த நாளில் மிலன் போகும்படி திட்டத்தை வையுங்கள்.

கிடைக்கவே இல்லையா? ஹால்தாதெஃபினிட்சியோனே என்ற இத்தாலிய நிறுவனம் இந்த ஓவியத்தை 2007 இல் 1,600 கோடி பிக்சல் அளவில் படம் எடுத்தது. உதிர்ந்த ஒவ்வொரு செதிலும் தெரியும். அதோடு கூகுள் ஆர்ட்ஸ் தளத்தில் லண்டன் ராயல் அகாடமியிடம் உள்ள பழைய நகலையும் பாருங்கள். லியனார்டோவின் மாணவர் வட்டத்தில் வரையப்பட்டது அது. மூலத்தில் இயேசுவின் பாதங்கள் இப்போது இல்லை. 1652 இல் சுவரை வெட்டிக் கதவு வைத்துவிட்டார்கள். நகலில் அந்தப் பாதங்கள் இருக்கின்றன. யூதாசின் கை பட்டுக் கவிழ்ந்த உப்புக் கிண்ணமும் தெளிவாகத் தெரிகிறது. இரண்டையும் இரு ஜன்னல்களில் திறந்து ஒப்பிட்டுப் பார்ப்பது, 15 நிமிட தரிசனத்தில் நிச்சயமாகக் கிடைக்காத அனுபவம்.

லியனார்டோவின் குறிப்பேடுகளைப் படிக்க முடியுமா?

மிலனின் அம்பிரோசியானா நூலகத்தில் உள்ள பெரிய தொகுதி அட்லாண்டிக் கோடெக்ஸ், மொத்தம் 1,119 தாள்கள். அத்தனையும் இணையத்தில் உள்ளன. இயந்திரம், வடிவியல், பறத்தல் என்று பொருள்வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். பொறியியல் மாணவர்கள் இதில் மணிக்கணக்கில் மூழ்கிவிடுவார்கள். அவர் பிறந்த வின்சி ஊரின் நூலகம் நடத்தும் இ-லியோ தளத்தில் மற்ற கையெழுத்துப் பிரதிகளும் கிடைக்கும்.

பொம்பெய் பற்றி நம்பகமாக எங்கே படிக்கலாம்?

இந்தக் கேள்விக்கு நான் நீளமாகத்தான் பதில் சொல்வேன். இணையத்தில் இவ்வளவு நன்றாகப் பதிவு செய்யப்பட்ட பழைய நகரம் வேறொன்று இருப்பது சந்தேகம்.

கி.பி. 79 இல் வெசூவியஸ் எரிமலை வெடித்து இந்த ரோமானிய நகரத்தைப் புதைத்துவிட்டது. 1748 இல் முறையான தோண்டல் தொடங்கியது. இன்றும் நகரத்தின் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கடியில் இருக்கிறது. தொல்லியல் பூங்காவின் சொந்தத் தளத்தில் புதிய கண்டுபிடிப்புகள் உடனுக்குடன் வருகின்றன. அகழாய்வு அறிக்கைகளை மின்னிதழாகவே இலவசமாக வெளியிடுகிறார்கள். செய்தித்தாளில் 'பொம்பெயில் அதிசயம்' என்று தலைப்பு வந்தால், அந்த மின்னிதழில் போய் உண்மையில் என்ன கிடைத்தது என்று பார்க்கலாம். 2018 இல் ஒரு வீட்டுச் சுவரில் கரியால் எழுதிய வரி கிடைத்தது. அதிலுள்ள தேதி நம் கணக்கில் அக்டோபர் 17. வெடிப்பு ஆகஸ்டில் நடந்தது என்ற பழைய கருத்தை அது அசைத்துவிட்டது.

அடுத்தது பொம்பெய் இன் பிக்சர்ஸ். இரு தனி ஆர்வலர்கள் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய தளம். பகுதி, வீட்டுத் தொகுதி, வாசல் எண் என்று மூன்று எண்களால் ஒவ்வொரு கதவையும் குறித்து, வீடு வீடாகப் படங்களை அடுக்கியிருக்கிறார்கள். பழைய புகைப்படங்களும் உண்டு. 20ஆம் நூற்றாண்டில் பளிச்சென்று இருந்த சுவரோவியம் இப்போது எப்படி மங்கிவிட்டது என்பது மனத்தை வருத்தும்.

அந்தத் தளத்தில் முதல் பகுதி, எட்டாம் தொகுதி, ஐந்தாம் வாசலுக்குப் போய்ப் பாருங்கள். இந்தியச் சிலை வீடு என்று பெயர். 1938 இல் அங்கேதான் தந்தத்தில் செய்த பெண் சிற்பம் ஒன்று கிடைத்தது. பொம்பெய் லட்சுமி என்று பெயர் பரவிவிட்டது, ஆனால் யட்சி என்று கொள்வதே பொருத்தம் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் போகர்தன், தேர் ஆகிய இடங்களில் இதே சாயலில் உருவங்கள் கிடைத்திருக்கின்றன. சிற்பம் இப்போது நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதன் மறுபக்கம் நம் ஊரில். 1945 இல் மார்டிமர் வீலர் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் தோண்டியபோது கிடைத்த சிவப்பு மட்கலங்கள், இத்தாலியின் அரெட்சோ வகைக் கலங்கள். அவற்றைக் கொண்டுதான் அவர் அந்த இடத்தின் காலத்தைக் கணித்தார். அந்த மட்கலத்துக்குப் பெயர் பெற்ற அரெட்சோவில் இன்று ஒரு தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. தொல்லியல் ஆர்வம் உள்ள தமிழர் இத்தாலி போனால், ஃபிளாரன்ஸிலிருந்து ரயிலில் எளிதாகப் போய்வரக்கூடிய அந்த ஊரையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை.

அதே வெடிப்பில் புதைந்த பக்கத்து ஊரான எர்குலானியத்தில் கரிந்துபோன பாப்பிரஸ் சுருள்களைத் திறக்காமலே படிக்கும் முயற்சியையும் பின்தொடருங்கள். 2023 இல் வெசூவியஸ் சேலஞ்ச் என்ற போட்டி தொடங்கி, ஊடுகதிர்ப் படங்களை உலகம் முழுவதற்கும் திறந்துவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் இளைஞர்கள் மூவர் கொண்ட அணி, 2,000 எழுத்துகளுக்கு மேல் வாசித்துப் பெரும் பரிசை வென்றது. தரவுகள் இன்னும் திறந்தே இருக்கின்றன. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் இறங்கிப் பார்க்கலாம்.

நேரில் போகிறவர்களுக்கு: ஒரு நாளைக்கு 20,000 பேர் என்ற வரம்பு 2024 நவம்பரிலிருந்து இருக்கிறது. டிக்கெட்டில் பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள்.

ரோம் நகருக்கென்று ஒரே ஒரு தளம் சொல்லச் சொன்னால்?

நொல்லி வரைபடம். ஜாம்பத்தீஸ்தா நொல்லி 1748 இல் வெளியிட்ட ரோம் வரைபடத்தை அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகம் இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. தெருக்களையும் சதுக்கங்களையும் போலவே ஆலயங்களின் உட்புறத்தையும் அவர் வெள்ளையாக விட்டிருக்கிறார். மக்கள் நுழையக்கூடிய இடங்கள் எல்லாம் ஒரே தொடர்ச்சியாகத் தெரியும். இன்றும் ரோமில் அப்படித்தான் நடக்க வேண்டும். நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில் சான் லூயிஜி தெய் ஃபிரான்செசி ஆலயத்துக்குள் நுழைந்தால் ஓவியர் காரவாஜியோ வரைந்த புனித மத்தேயு ஓவியங்கள் மூன்று, கட்டணம் எதுவும் இல்லாமல்.

இசை, சினிமாவுக்கு?

ஓபரா என்ற இசை நாடகத்துக்கு ஓபராவிஷன் தளம். ஐரோப்பிய அரங்குகள் சேர்ந்து நடத்துவது. இலவசம், துணையெழுத்து உண்டு. இத்தாலிய அரங்குகளின் நிகழ்ச்சிகளும் இடையிடையே வரும், சில மாதங்கள் இருந்துவிட்டு எடுத்துவிடுவார்கள். மிலனின் லா ஸ்காலா ஓபரா அரங்குக்குச் சொந்தமாக ஒளிபரப்புத் தளம் இருக்கிறது, அது பெரும்பாலும் கட்டணம். லா ஸ்காலாவின் பருவம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7 அன்று தொடங்கும். அன்று மிலன் நகரக் காவல் புனிதர் அம்புரோசின் திருநாள்.

பழைய இத்தாலியைக் கண்ணால் பார்க்க லூச்சே நிறுவனத்தின் செய்திப்பட ஆவணம். 1924 இல் தொடங்கிய நிறுவனம் என்பதால் முசோலினி காலத்துப் பிரச்சாரமும் அதில் நிறைய. அதை அறிந்துகொண்டு பார்த்தால், அந்தக் காலத்து வயல்கள், தறிகள், மீன்பிடி ஊர்கள் எல்லாம் அசையும் படமாகக் கிடைக்கும்.

இத்தாலி மொழி கொஞ்சமாவது கற்க வேண்டுமா?

பயணத்துக்கு அவசியம் இல்லை, கலைக்கு மிக உதவும். நல்ல தகவல்கள் பல இத்தாலிய மொழியில்தான் இருக்கின்றன. ப்ரௌசரில் மொழிபெயர்ப்பைப் போட்டால் பெரும்பாலும் விளங்கும். ட்ரெக்கானி கலைக்களஞ்சியம் இணையத்தில் இலவசமாகத் திறந்திருக்கிறது. உச்சரிப்புக்கு இத்தாலிய அரசு ஒலிபரப்பு நிறுவனமான ராயின் வானொலியைக் கேளுங்கள். செய்தி வாசிப்பவர்கள் தெளிவாகப் பேசுவார்கள். முறையாகப் படிக்க விரும்பினால் டெல்லியிலும் மும்பையிலும் இத்தாலிய அரசின் பண்பாட்டு நிலையங்கள் உள்ளன.

இத்தாலியில் தமிழோடு தொடர்புள்ள இடங்கள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. வீரமாமுனிவர் 1680 இல் பிறந்த காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே வட இத்தாலியில், மாந்துவா மாவட்டத்தில் உள்ள சிற்றூர். மிலன்–வெனிஸ் ரயில் பாதையில் தெசென்ட்சானோ நிலையத்தில் இறங்கித் தெற்கே போக வேண்டும். அதே ஊரில்தான் புனித அலோசியஸ் கொன்சாகாவும் பிறந்தார். 1859 இல் பக்கத்துச் சொல்ஃபெரினோவில் நடந்த போரில் காயப்பட்டவர்களுக்கு இந்த ஊர்ப் பெண்கள் செய்த பணிவிடைதான் செஞ்சிலுவை இயக்கம் பிறக்க வித்திட்டது. அதற்கான அருங்காட்சியகம் இங்கே இருக்கிறது. ட்ரெக்கானியின் இத்தாலியர் வாழ்க்கை வரலாற்று அகராதியில் அவருடைய இத்தாலியப் பெயரான பெஸ்கி என்று தேடினால் வீரமாமுனிவர் கிடைப்பார். 1606 இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலியும் அதில் இருக்கிறார்.

இன்னொரு இடம் சிசிலியின் பலேர்மோ. இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே வாழ்கின்றன. 1624 கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்ததாக நம்பப்படும் சான்தா ரொசாலியாவின் குகைக் கோயில் பெல்லெக்ரீனோ மலையில் இருக்கிறது. பலேர்மோ மக்களோடு சைவத் தமிழர்களும் அந்த மலைக்கு ஏறி வழிபடுகிறார்கள்.

விசாவுக்கு எந்தத் தளம்?

இத்தாலிய வெளியுறவு அமைச்சகமே நடத்தும் விசா தளம். உங்கள் நாடு, தங்கும் காலம், பயண நோக்கம் ஆகியவற்றைக் கொடுத்தால் என்ன ஆவணங்கள் வேண்டும் என்று சொல்லும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள்வரை இருக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்காலப் பயணம் என்றால் தள்ளிப் போடாதீர்கள்.

எது அசல் டிக்கெட் தளம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தேடுபொறியில் மேலே வருவது பெரும்பாலும் விளம்பரம்தான். 'அதிகாரப்பூர்வ' என்று எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அருங்காட்சியகத்தின் சொந்தப் பக்கத்துக்குப் போய், அங்கிருந்து டிக்கெட் பொத்தானை அழுத்துங்கள். அது வேறு முகவரிக்குக் கொண்டுபோனாலும் பரவாயில்லை, நீங்கள் சரியான வாசல் வழியாகத்தான் போகிறீர்கள். இடைத்தரகர் தளங்கள் எல்லாம் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் அசல் விலையைப் பார்த்த பிறகு, கூடுதலாகக் கொடுப்பதற்கு வழிகாட்டி போன்ற எதாவது கிடைக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள்.

ரோமின் கொலோசியம் டிக்கெட்டுகள் 30 நாட்களுக்கு முன்புதான் திறக்கும், பெயர் கட்டாயம். போர்கேசே கலைக்கூடத்தில் இரண்டு மணி நேரப் பிரிவாக முன்பதிவு. மேலே சொன்ன ஸ்க்ரொவேன்யியில் முதலில் 15 நிமிடம் ஒரு கண்ணாடி அறையில் காத்திருந்து, உடலோடு வந்த ஈரப்பதம் தணிந்த பின்தான் உள்ளே விடுவார்கள்.

இலவசமாகப் பார்க்க வழி உண்டா?

மாதத்தின் முதல் ஞாயிறு, அரசு அருங்காட்சியகங்கள் எல்லாம் இலவசம். கூட்டம் தாங்காது, சில இடங்களுக்கு அன்றும் முன்பதிவு வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு எந்த நாட்டவர் ஆனாலும் அரசு அருங்காட்சியகங்களில் எப்போதும் இலவசம். இதைத் தெரியாமல் குழந்தைகளுக்கும் முழு டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். வாடிகன் தனிக் கணக்கு: அங்கே மாதத்தின் கடைசி ஞாயிறு.

ரயில் டிக்கெட், வேலைநிறுத்தம் இரண்டையும் எங்கே பார்ப்பது?

அதிவேக ரயில்கள் இரண்டு நிறுவனங்களுடையவை: அரசின் ட்ரெனிதாலியா, 2012 முதல் ஓடும் தனியார் இத்தாலோ. இரண்டின் செயலியையும் வைத்துக்கொண்டு விலை பாருங்கள். முன்கூட்டி வாங்கினால் பெரிய வித்தியாசம் உண்டு. ரீஜனாலே என்ற உள்ளூர் ரயிலுக்கு விலை மாறாது, அவசரப்பட வேண்டாம். ஆனால் காகித டிக்கெட்டை ஏறும் முன் நிலையத்தில் உள்ள இயந்திரத்தில் முத்திரை இட வேண்டும். இணையத்தில் வாங்கியதற்குச் செக்-இன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அபராதம். தேடும்போது நிலையப் பெயரைக் கவனியுங்கள்: வெனிஸ் தீவுக்குள் போக வெனேட்சியா சான்தா லூச்சியா, மேஸ்த்ரே என்பது கரையிலேயே நின்றுவிடும்.

ரயில் எங்கே வருகிறது என்று பார்க்க வியாஜ்ஜாத்ரேனோ தளம். வேலைநிறுத்தங்கள் இத்தாலியில் அடிக்கடி நடக்கும். ஆனால் முன்பே அறிவித்துத்தான் நடத்துவார்கள். போக்குவரத்து அமைச்சகம் தேதிவாரியாகப் பட்டியல் வெளியிடுகிறது. கிளம்பும் வாரத்தில் ஒரு முறை பாருங்கள். வேலைநாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உள்ளூர் ரயில்களுக்கு உத்தரவாதம் உண்டு.

வெனிசுக்குள் நுழையவே கட்டணமாமே?

2024 ஏப்ரல் 25 முதல், சில நாட்களுக்கு மட்டும், பகலில் வந்துபோகிறவர்களுக்கு. 2025 இல் முன்கூட்டிப் பதிவு செய்தால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. நகருக்குள் விடுதியில் தங்குகிறவர்கள் கட்ட வேண்டாம், ஆனால் விலக்குக்காகப் பதிவு செய்து க்யூஆர் குறியீடு வைத்திருக்க வேண்டும். எந்தெந்த நாட்கள் என்பது ஆண்டுதோறும் மாறுகிறது, நகராட்சியின் தளத்தில் பார்க்கலாம்.

குளிர்காலத்தில் போகிறவர்கள் நகராட்சியின் கடல்மட்ட முன்னறிவிப்பையும் பாருங்கள். 2019 நவம்பர் 12 இல் தண்ணீர் 187 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2020 அக்டோபரிலிருந்து மோசே தடுப்பு வாயில்கள் பெரிய வெள்ளத்தைத் தடுக்கின்றன. என்றாலும் தாழ்வான சான் மார்கோ சதுக்கப் பகுதியில் கால் நனையலாம்.

இந்தத் தளங்களில் உள்ள படங்களை என் கட்டுரையிலோ டிஷர்ட்டிலோ போடலாமா?

படிப்புக்கும் கட்டுரைக்கும் பொதுவாகச் சிக்கல் இல்லை. விக்கிமீடியா காமன்ஸில் உரிம விவரத்தோடு படங்கள் கிடைக்கும். வியாபாரம் என்றால் கவனம். ஓவியர் இறந்து ஐந்நூறு ஆண்டுகள் ஆனாலும், இத்தாலியின் 2004 பண்பாட்டுச் சொத்துச் சட்டம் வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதியும் கட்டணமும் கேட்கிறது. வீனஸ் ஓவியத்தை உடைகளில் அச்சிட்டதற்காக உஃபீட்ஸி 2022 இல் ஜான் பால் கோத்தியே என்ற பிரெஞ்சு ஆடை நிறுவனத்தின் மேல் சட்ட நடவடிக்கை எடுத்தது. லியனார்டோவின் விட்ருவிய மனிதன் படத்தைப் புதிர் விளையாட்டாக விற்ற ஜெர்மனியின் ராவென்ஸ்பர்கர் நிறுவனத்துக்கு எதிராக இத்தாலிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 இல் ஜெர்மன் நீதிமன்றம், அந்தச் சட்டம் இத்தாலிக்கு வெளியே செல்லாது என்று சொன்னது. விற்பனைக்கு என்றால் அந்தந்த அருங்காட்சியகத்தின் படப் பிரிவுக்கு எழுதிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.